ஒரு நாள் வாடகை

தம்பி, அந்தப் பையைக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? மதுரை வரைக்கும் நின்னுக்கிட்டே வர முடியாது, முட்டி வலி. ஆங், இப்ப சரி. என்னது, பை நிறையப் பத்திரிகையா? ஒங்க கல்யாணமா? நல்லா இருங்க. மேடை அலங்காரம் யாருகிட்டச் சொல்லியிருக்கீங்க?

சும்மாதான் கேட்டேன். தொழில் புத்தி. சாத்தூர்ல குருவையா டெக்கரேஷன்னு கேட்டா சின்னப் புள்ளையும் சொல்லும். நாந்தான் குருவையா. பயப்படாதீங்க, ஆர்டர் பிடிக்க ஒக்காரல. எவ்வளவு பேசியிருக்கீங்க? எண்பதாயிரமா? ம். பூ எங்க இருந்து வருது? சரி, சரி.

அநியாயம்னு நெனைக்கிறீங்களா? இல்ல தம்பி. கல்யாண மேடைக்கு நியாயம் அநியாயமே கெடையாது. எங்க ஊர்ல ஆயில் மில் கோவர்த்தனன்னு ஒரு பெரியவர். அவர் மகளுக்கு நாந்தான் மேடை போட்டேன். பெங்களூர்ல இருந்து வெளிநாட்டுப் பூவா இறக்கி, மூணரை லட்சம் வாங்குனேன். எனக்கு அடக்க வெலை ஒரு லட்சத்தைத் தாண்டல, ஒங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. அவருக்கும் அது தெரியும். கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்ட அவர் என்ன சொன்னாரு தெரியுமா? மேடை மட்டும் அஞ்சு லட்சம்னு சொன்னாரு! என்னைப் பக்கத்துல வச்சுக்கிட்டே சொன்னாரு. விலை கூடக் கூடத்தான் அவருக்கு மரியாதை. வேண்டாம்னா வேற ஆளுகிட்டப் போகலாம். மேடையே இல்லாம கோயில்ல தாலி கட்டிட்டுப் போகலாம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. அப்ப அதுல பாவம் எங்க வருது, சொல்லுங்க.

அதே கை, அதே ஆளு. இன்னொரு சாமானுக்கு வெலை சொன்னா மட்டும் பாவமாயிருமா?

ஐஸ் பெட்டியத்தான் சொல்றேன். பொணத்தை வைக்கிற கண்ணாடிப் பெட்டி.

அதை வாங்கணும்னு சொன்னது எம் பொண்டாட்டி செல்வராணி. அவ அப்பா செத்தப்ப ஊர்ல ஒரு பெட்டியும் கெடைக்கல. ஐஸ் கட்டி வாங்கி வச்சோம். தண்ணி கட்டில்ல இருந்து ஒழுகிக்கிட்டே இருந்துச்சு. அவ அழக்கூட நேரமில்லாம துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு தரையைத் தொடச்சா. அதுக்கப்புறம் ஒரே பிடிவாதம். நம்மகிட்ட வண்டி இருக்கு, ஆளு இருக்கு, ஒரு பெட்டி வாங்கிப் போடுங்கன்னா. வாங்கினேன். ஒரு நாளைக்கு ஆயிரத்தி இருநூறுன்னு அவதான் வெலை வச்சா. பெட்டிக்குன்னு இருந்த போனும் அவகிட்டதான் இருக்கும். அவகிட்ட இருந்த வரைக்கும் அந்த வெலைதான்.

நாலு வருஷத்துக்கு முந்தி ஒரு சித்திரை மாசம். வெயிலுன்னா அப்படி ஒரு வெயிலு. தார் ரோடு செருப்போட ஒட்டுச்சு. வயசாளிங்க வரிசையா விழுந்தாங்க. பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொருத்தர்கிட்ட ஒரு பெட்டி இருந்துச்சு, அதுல கம்ப்ரசர் போயி மூலையில கெடந்துச்சு. ஊருக்கே பெட்டின்னா இப்ப நம்ம பெட்டி ஒண்ணுதான். செல்வராணி மகள் பிரசவத்துக்குத் திருப்பூர் போயிருந்தா. போன் எங்கிட்ட வந்துருச்சு.

இப்ப நான் சொல்றதை நல்லாக் கவனிங்க தம்பி, இதுதான் விசயமே. கல்யாண வீட்டுக்காரன் மூணு நாளு பேரம் பேசுவான். அத்தை வந்து பேசும், சித்தப்பா வந்து பேசுவாரு, கடைசியில மாப்பிள்ளையே போன் போடுவான். சாவு வீட்ல பேரம் கெடையாது. பக்கத்து வீட்டுக்காரனோ தாய்மாமனோ பேசுவான். அவன் கேக்குறது ஒரே கேள்வி. பெட்டி எவ்வளவு நேரத்துல வரும்? அவ்வளவுதான். எவ்வளவு ரூபான்னு கேக்கவே மாட்டான். நானா ரெண்டாயிரத்தி ஐநூறுன்னேன். சரின்னான். அடுத்த வாரம் நாலாயிரம்னேன். சரி சீக்கிரம் அனுப்புங்கன்னான். அப்புறம் ஆறாயிரம். அதுக்கும் சரிதான். யாருமே வேண்டாம்னு சொல்லல. வேண்டாம்னு யாரும் சொல்லாத வெலை எப்படித் தப்பான வெலையாகும்? நான் கத்தியக் காட்டியா வாங்கினேன்?

வேண்டாம்னு சொன்னது ஒரே ஒரு ஆளு. சொல்லப்போனா, அவளும் வேண்டாம்னு சொல்லல.

அன்னிக்குச் செவ்வாக்கிழமை. மத்தியானம் பன்னெண்டு மணி இருக்கும். கடையில சிவகாசிப் பார்ட்டி ஒண்ணு ஒக்காந்திருக்கு. கல்யாண வாசலுக்கு ரோசாப்பூ வளைவு பேசுறோம். நான் முப்பதுங்கிறேன், அவங்க இருபதுங்கிறாங்க. கலர் சோடா வாங்கிக் குடுத்து, சிரிச்சுப் பேசி, கடைசியில சந்தோசமா வச்சுக்கங்கன்னு அஞ்சாயிரம் கொறச்சேன். கை குடுத்துட்டுப் போனாங்க. அவங்க போற வரைக்கும் வெளிய வெயில்ல ஒரு பொம்பள நின்னுக்கிட்டு இருந்தா. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். கூட இன்னொரு பொம்பள. விரலெல்லாம் மருந்துக் கறை. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவன்னு பாத்ததும் தெரிஞ்சுருச்சு.

"அண்ணாச்சி, ஐஸ் பெட்டி வேணும்."

"யாருக்கும்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

செத்தவன் பொண்டாட்டியே பெட்டி கேட்டு வந்து நான் பாத்ததில்ல. அழுகை இல்ல, ஒண்ணும் இல்ல. கணக்காப் பேசினா. புருசன் லோடுமேன். காலையில லாரியில மூட்டை ஏத்திக்கிட்டு இருந்தவன் அப்படியே சாஞ்சுட்டான். ஒரே மகன், பூனாவுல முறுக்கு கம்பெனியில இருக்கான். ரயில் ஏறிட்டான். வியாழக்கிழமை காலையிலதான் வந்து சேருவான்.

"அப்ப ரெண்டு நாளு. பன்னெண்டாயிரம் ஆகும்மா."

"போன மாசம் எங்க லைன்ல ஒரு அம்மாவுக்கு ஆயிரத்தி இருநூறுதான வாங்கினாங்க?"

"அது போன மாசம்."

முந்தியில இருந்து எடுத்து மேசையில வச்சா. ரெண்டாயிரத்தி ஐநூறு இருந்துச்சு. "ஒரு நாளைக்காவது குடுங்க. மூஞ்சி மட்டும் கெட்டுப் போகாம இருந்தாப் போதும். எம் மகன் அவரைப் பாத்து மூணு வருசம் ஆச்சு அண்ணாச்சி."

எனக்கு எரிச்சல் வந்துருச்சு. ஏன்னு கேளுங்க. இவ பேரம் பேசுறா. சாவு வீட்ல பேரம் பேசின ஒரே ஆளு இவதான். இவளுக்குக் கொறச்சா நாளைக்கு ஊருக்கே கொறைக்கணும். அதோட இன்னொண்ணும் இருந்துச்சு. ஆயில் மில் கோவர்த்தனனோட அப்பா மதுரையில ஆஸ்பத்திரியில கெடக்காரு. தொண்ணூறு வயசு. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு காலையிலதான் அவங்க மேனேஜர் போன் போட்டான். பெட்டி ரெடியா இருக்கட்டும் குருவையான்னான். அந்த வீட்ல பந்தல், நாற்காலி, லைட்டு எல்லாம் நமக்குத்தான். அந்த நேரம் பெட்டி இல்லன்னு சொல்ல முடியுமா?

"பெட்டி இல்லம்மா. வேற வீட்டுக்குச் சொல்லியாச்சு."

அவ என்னையே பாத்தா. அப்புறம் ரூபாயை எடுத்து முந்தியில முடிஞ்சுக்கிட்டுப் போயிட்டா. பேரு என்ன, எந்தத் தெருன்னுகூட நான் கேக்கல. கேக்க என்ன இருக்கு, பெட்டிதான் இல்லையே.

பெட்டி எங்க இருந்துச்சுன்னு ஒங்களுக்கு மட்டும் சொல்றேன். கடைக்குப் பின்னாடி, குடோன்ல. நான் ஒக்காந்திருந்த நாற்காலிக்கும் அதுக்கும் நடுவுல ஒரு செவுருதான். செவ்வாய் முழுக்க அங்கதான் இருந்துச்சு. புதன் முழுக்க அங்கதான் இருந்துச்சு. வியாழனும் அங்கதான். பெரியவர் சாகல. வியாழக்கிழமை எந்திரிச்சு ஒக்காந்து ரெண்டு இட்லி சாப்பிட்டாராம். மேனேஜர் போன் போட்டுச் சிரிக்கிறான்.

அந்தப் பொம்பள வீட்ல என்ன பண்ணாங்கன்னு எனக்குப் பின்னாடிதான் தெரியும். ஐஸ் கட்டி வாங்கி வச்சிருக்காங்க. அந்த வெயிலுக்கு ஐஸ் எம்மாத்தரம்? புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல வீட்டுக்குள்ள யாரும் ஒக்கார முடியல. பெரியாளுங்க எல்லாம் கூடிப் பேசி, இனி தாங்காது, எடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க. அவ மட்டும் முடியாதுன்னு வாசல்ல குறுக்க ஒக்காந்துட்டாளாம். நாலு பொம்பளைங்க தூக்கி அந்தப் பக்கம் வச்சுட்டு, எடுத்துட்டாங்க. மறுநா காலையில மகன் ரயில் விட்டு இறங்கி, பையைத் தோள்ல போட்டுக்கிட்டு நேரா மயானத்துக்குப் போயிருக்கான். மண்ணு மேடு மட்டும் இருந்துச்சு.

சரி. அது நடந்து ரெண்டு நாளு இருக்கும். சனிக்கிழமை காலையில ஒரு பையன் கடைக்கு வந்தான். இருபத்தி நாலு வயசு இருக்கும். அமைதியான பையன். எண்ணெய்ச் சட்டியில வேலை பாக்குறவன் கை, தீக்காயமா இருந்துச்சு.

"அண்ணாச்சி, ஐஸ் பெட்டி வேணும். ஒரு நாளைக்கு."

"எந்த ஏரியா தம்பி?"

"தீப்பெட்டிக் காலனி, மூணாவது லைன்."

"இறந்தது யாரு?"

"எங்க அப்பா. கொண்டல்சாமி."

"ஆறாயிரம் ஆகும்."

சட்டைப் பையில ரெடியா வச்சிருந்தான். எடுத்துக் குடுத்தான். நான் வாங்கினேன். வாங்காம? எனக்கு என்ன தெரியும்? கொண்டல்சாமிங்கிற பேரை நான் அன்னிக்குத்தான் மொதமொதக் கேக்குறேன். டிரைவர் ஜெயமணிகிட்டச் சொல்லி, குட்டியானை வண்டியில பெட்டிய ஏத்தி அனுப்பினேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு ஜெயமணி திரும்பி வந்தான். மொகமே சரியில்ல.

"அண்ணாச்சி, அங்க பொணம் இல்ல."

"இல்லன்னா? ஆஸ்பத்திரியில இருந்து வரணுமா?"

"இல்ல அண்ணாச்சி. பொதைச்சு மூணு நாளாச்சாம். காலிப் பெட்டிய நடு வீட்ல வச்சு ப்ளக்கை மாட்டச் சொன்னான். மாட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு ஒண்ணும் புரியல. என்னமோ குடிச்சுட்டு வம்பு பண்றான், பெட்டிய ஒடைச்சுருவான்னு பயம். வண்டியை எடுத்துக்கிட்டு நானே போனேன்.

சின்ன வீடு. ஒரே அறைதான். பாதி அறையைப் பெட்டியே அடைச்சிருக்கு. தலைமாட்டுல வெளக்கு எரியுது. சுத்திப் பொம்பளைங்க ஒக்காந்திருக்காங்க. அந்தக் காலனியில துக்க வீட்ல ஒரே அழுகையா இருக்கும், நான் எத்தனை வீடு பாத்திருக்கேன். அங்க ஒரு சத்தம் இல்ல. பெட்டி மட்டும் ஓடுது. ம்ம்ம்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது மட்டும். தெருவுல இருந்து ஆளுக ஒவ்வொருத்தரா வர்றாங்க, குனிஞ்சு பாக்குறாங்க, மாலையைப் பெட்டி மேல வைக்கிறாங்க, போறாங்க. அவன் தலைமாட்டுல கால மடக்கி ஒக்காந்திருந்தான். அவனுக்குப் பக்கத்துல செவுத்துல சாஞ்சுக்கிட்டு அவ. அன்னிக்கு வெயில்ல நின்னவ.

அப்பத்தான் எனக்கு அது அந்த வீடுன்னு தெரிஞ்சுது.

திரும்பிப் போயிருக்கலாம். அதுக்குள்ள அந்தப் பையன் என்னைப் பாத்துட்டான். கத்துவான், சட்டையைப் பிடிப்பான்னு நெனச்சேன். எந்திரிச்சு எனக்கு வழி விட்டான்.

"பாத்துட்டுப் போங்க அண்ணாச்சி."

பாத்தேன். உள்ள வெள்ளைத் துணி மேல புதுச் சட்டை ஒண்ணு, புது வேட்டி ஒண்ணு. ஆளு படுத்திருக்கிற மாதிரியே நீட்டி வச்சிருக்கான். சட்டையில குத்தின குண்டூசிகூட எடுக்கல, காலருக்குள்ள அட்டை அப்படியே இருக்கு. பூனாவுல அவரு அளவுக்கு எடுத்துட்டு வந்தானாம். கைப்பக்கம் ஒரு முறுக்குப் பொட்டலம்.

கண்ணாடியில பனி படிஞ்சு மறைச்சா, அவன் துண்டால தொடைப்பான். மறுபடி படியும். மறுபடி தொடைப்பான்.

நான் ஏதோ சொல்லணும்னு வாயைத் திறந்தேன். "தம்பி, ரூபாயை..."ன்னு ஆரம்பிச்சேன். "ஒரு நாளைக்குக் குடுத்திருக்கேன் அண்ணாச்சி, நாளைக்குக் காலையில அனுப்பிருவேன்"ன்னான். மரியாதையாத்தான் சொன்னான். துக்க வீட்ல போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதுல்ல, நானும் சொல்லாம வெளிய வந்துட்டேன்.

மறுநா காலையில பெட்டிய அவனே குட்டியானை வச்சுக் கொண்டாந்து எறக்கினான். உள்ள பளிச்சுன்னு தொடச்சிருந்தான். ரெண்டு வாரத்துல, பதினாறு முடிஞ்சதும் பூனாவுக்குப் போயிட்டான்.

ஊர்ல ஒருத்தனாவது என்னை ஏசியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன் தம்பி. இப்ப ஒங்ககிட்டச் சொன்னதெல்லாம் அப்ப ரெடியாத்தான் வச்சிருந்தேன். யாரும் கேக்கல. கல்யாண ஆர்டர் ஒண்ணுகூடக் கொறையல, அதைச் சொல்லணும். அந்த ஆவணியில பதினோரு மேடை போட்டேன். கேட்டதைக் குடுத்தாங்க, சிரிச்சுப் பேசினாங்க. பெட்டிக்கு மட்டும் போன் வரல. ஒரு போன்கூட வரல. பழையபடி ஆயிரத்தி இருநூறுன்னு சொல்லிப் பாத்தேன். ஐநூறுன்னேன். அப்புறம் போர்டே வச்சேன், இலவசம்னு. கடை இருக்கிற அதே தெருவுல ஒரு சாவு. ஐஸ் கட்டி வாங்கிட்டு என் கடை வழியாத்தான் போறாங்க. போர்டைப் பாத்துக்கிட்டே போறாங்க. அப்புறம் வியாபாரிங்க சேந்து சங்கத்துல ஒரு பெட்டி வாங்கிட்டாங்க. ஆயில் மில் கோவர்த்தனனோட அப்பா கார்த்திகையில செத்தாரு. பந்தலும் நாற்காலியும் எனக்கு வந்துச்சு. பெட்டி சங்கத்துல இருந்து வந்துச்சு.

அதை விக்கல. வாரத்துக்கு ஒரு தடவை கரண்டு குடுத்து ஓட விடணும், இல்லன்னா கம்ப்ரசர் எறுகிரும். ஓட விடுவேன். பனி படியும். எதுக்குன்னு தெரியாது, துண்டை எடுத்துத் தொடச்சு உள்ள பாப்பேன். கல்யாண மேடையிலயும் அந்தத் தொல்லைதான். மாப்பிள்ளை புதுச் சட்டையில வந்து ஒக்காருவான். எம் புத்தி அவன் காலர்ல அட்டை இருக்கான்னு பாக்கும்.

செல்வராணிகிட்ட நான் எதுவும் சொல்லல. ஆனா அவளுக்குத் தெரியும். ஜெயமணி சொன்னானோ, ஊரு சொல்லுச்சோ. திருப்பூர்ல இருந்து வந்த நாள்ல இருந்து அந்த போனை அவ தொடல. சண்டை போடல, ஒண்ணும் பண்ணல. போன வருசம் ஒரு நாளு வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தா. திடீர்னு, "எனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா என்னை அந்தப் பெட்டியில வைக்காதீங்க. ஐஸ் கட்டி வாங்குங்க"ன்னா. சொல்லிட்டு வெங்காயத்தை உரிச்சுக்கிட்டே இருந்தா.

அன்னிக்குத்தான் போனேன். தீப்பெட்டி ஆபீஸ் சாயங்காலம் விடுற நேரம், கேட் பக்கத்துல போயி நின்னேன். கூட்டத்தோட வந்தா. அதுக்குள்ள பேரு விசாரிச்சு வச்சிருந்தேன், சீனியம்மா. என்ன சொல்றதுன்னு யோசிச்சுதான் போனேன், ஆளைப் பாத்ததும் மறந்துருச்சு. அவளே கிட்ட வந்தா.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன் அண்ணாச்சி."

"கேளும்மா."

"அன்னிக்கு வேற வீட்டுக்குப் பெட்டி போச்சுன்னு சொன்னீங்கள்ல. அது யாரு வீடு?"

நான் ரோட்டைப் பாத்தேன்.

"இல்ல, அவங்க வீட்லயும் யாராச்சும் வெளியூர்ல இருந்து வர வேண்டியிருந்துச்சா? வந்து மொகத்தைப் பாத்தாங்களா? நமக்குத்தான் குடுத்து வைக்கல. அவங்களாவது பாத்திருந்தாச் சரின்னு நெனச்சுக்குவேன். அதை நெனச்சுத்தான் நான் மனசை ஆத்திக்கிறேன்."

சொல்லுங்க தம்பி, நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? குடோன்ல இருந்துச்சு, ஒரு பொணமும் அதுல ஏறலன்னு சொல்லுவீங்களா?

"ஒரு அம்மா. அதுக்கு ஒரே பையன். துபாய்ல இருந்து வந்தான். பாத்தான்"னேன்.

"பாத்தானா?"

"நல்லாப் பாத்தான்."

அவ தலையை ஆட்டினா. கண்ணைத் தொடச்சுக்கிட்டா. "நல்லா இருக்கட்டும்"னு சொல்லிட்டு நடந்துட்டா.

அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். முடியல. எங்க பாத்தாலும் கேக்குறா. சந்தையில பாத்தா, அந்தப் பையன் எப்படி இருக்கான் அண்ணாச்சிம்பா. நல்லா இருக்கான்மான்னு சொல்லுவேன். திரும்பத் துபாய் போயிட்டானாம்பா. போயிட்டான்னு சொல்லுவேன். அவளுக்கு அவன்மேல ஒரு பாசம் தம்பி, தன் மகன் மாதிரி. போன வாரம் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அவனுக்குக் கல்யாணம் ஆயிருச்சான்னு கேட்டா. ஆயிருச்சுன்னேன். அவ மொகத்துல அப்படி ஒரு சந்தோசம்.

"மேடை நீங்கதான் போட்டீங்களா?"

"நாந்தாம்மா."

"தாயில்லாத புள்ள. எவ்வளவு வாங்கினீங்க?"

ஒண்ணும் வாங்கலம்மான்னு சொன்னேன்.